டியூட்டீரியம் எங்கே உட்காரும்? இரண்டே நீர் மூலக்கூறுகளில் ஒரு குவாண்டம் கணக்கு

ஒருவழியாக எண் அசையாமல் நிற்கிறது. எந்தத் தொடக்க அமைப்பிலிருந்து ஓட்டினாலும், ரேண்டம் விதையை மாற்றினாலும், 47-ஐ ஒட்டியே வருகிறது. இனி ஆற வைத்து எழுதலாம்.

கேள்வி சின்னதுதான். இரண்டு நீர் மூலக்கூறுகள். ஒன்று தன் ஹைட்ரஜன்களில் ஒன்றை மற்றதன் ஆக்சிஜனை நோக்கி நீட்டி ஹைட்ரஜன் பிணைப்பு போட்டிருக்கிறது. அதன் இன்னொரு ஹைட்ரஜன் சும்மா வெளியே தொங்குகிறது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் டியூட்டீரியமாக (ஏறத்தாழ இரு மடங்கு நிறையுள்ள ஹைட்ரஜன்) மாற்றினால், அது பிணைப்புக்குள் உட்காருமா, வெளியே தொங்குமா?

பழைய இயற்பியலைக் கேட்டால் "இரண்டும் சமம்" என்று முடித்துவிடும். அணு எங்கே இருக்கும் என்பதை அந்தக் கணக்கில் முடிவு செய்வது விசைகளும் வெப்பநிலையும் மட்டுமே. நிறை அதில் நுழைவதே இல்லை. ஆகவே ஏதாவது ஒரு பக்கம் சாய்வு தெரிந்தால் அது முழுக்க முழுக்கக் குவாண்டம் விளைவு. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். ஒப்பிடுவதற்கான அடிமட்டம் துல்லியமாகப் பூஜ்ஜியம், அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆற்றலை எல்லாம் நிறமாலைக்காரர்களின் அலகான செ.மீ⁻¹-இல் சொல்கிறேன். இனி வெறும் எண் சொன்னால் அந்த அலகு என்று கொள்ளவும். 100 கெல்வினில் வெப்ப ஆற்றல் 69.5. நீரின் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இழுப்பதிர்வு 3,700 அளவில். இரண்டு சாதாரண நீர் மூலக்கூறுகளைப் பிரிக்கத் தேவையான ஆற்றல் சோதனையில் அளந்தபடி ஏறத்தாழ 1,105, இரண்டும் கன நீராக (ஹைட்ரஜன்கள் எல்லாம் டியூட்டீரியமாக) இருந்தால் 1,244. நான் தேடும் சாய்வு, உறைந்த மந்த வாயுவுக்குள் நீர் ஜோடிகளைச் சிறைவைத்துச் செய்த சோதனைகளில் 60-ஐ ஒட்டி வந்திருக்கிறது. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. கணினி எந்த எண்ணையும் முகம் மாறாமல் கொடுக்கும்.

கையில் இருந்த கருவிகள்

எட்டு கோர் கொண்ட ஒரு மடிக்கணினி, பைத்தான், எண் அணிகளை மொத்தமாகக் கையாளும் அதன் நூலகமான நம்பை. விசைகளுக்குக் கியூ-டிப்4பி/எஃப் என்ற நீர் மாதிரி. 2009-இல் ஹாபர்ஷன், மார்க்லாண்ட், மனோலோபுலோஸ் மூவரும் வெளியிட்டது. குவாண்டம் சிமுலேஷனுக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது என்பதும், மொத்த மாதிரியும் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும் என்பதும் இதன் வசதி. ஆக்சிஜன்களுக்கு இடையே ஒரு லென்னார்ட்-ஜோன்ஸ் விசை (நெருங்கினால் தள்ளும், விலகினால் லேசாக இழுக்கும்), மூன்று மின்னூட்டப் புள்ளிகள் (எதிர் மின்னூட்டம் ஆக்சிஜன் மேல் இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கற்பனைப் புள்ளியில்), கோணத்துக்கு ஒரு சுருள்வில், பிணைப்பு நீளத்துக்கு நாலாம் படி வரை போகும் ஒரு பல்லுறுப்புக் கோவை. சமநிலை நீளம் 0.9419 ஆங்ஸ்ட்ராம், கோணம் 107.4 டிகிரி. அந்த நாலாம் படி விஷயம் பின்னால் பெரிதாக வரும்.

இந்த வேலைக்கென்றே ஐ-பை என்ற நல்ல இலவச மென்பொருள் இருக்கிறது. அதில்தான் தொடங்கினேன். அது ஒரு சர்வர், விசையைக் கணக்கிடும் நிரல் ஒரு கிளையண்ட், இரண்டும் சாக்கெட் வழியாகப் பேசிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான அணுக்கள் என்றால் அருமையான ஏற்பாடு. ஆறே அணுக்கள் என்றால் கணக்குக்கு ஆகும் நேரத்தைவிடப் பேசிக்கொள்ள ஆகும் நேரம் அதிகம். அதனால் சொந்தமாக ஒரு நிரல் எழுதி, ஐ-பையைச் சரிபார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரே தொடக்க அமைப்பைக் கொடுத்து, ஆறு அணுக்களின் விசைகளையும் இரண்டு பக்கமும் அச்சிட்டு, எட்டாவது தசம இடம் வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வரி எழுதினேன்.

முறை பற்றி ஒரே பத்தி. பாத் இன்டெக்ரல் சிமுலேஷனில் ஒவ்வொரு அணுவும் ஒரு மணிமாலை ஆகிறது. அணுவின் பல பிரதிகள், பக்கத்துப் பிரதியோடு சுருள்வில்லால் கட்டப்பட்டு, வட்டமாக. ஒவ்வொரு மணியும் பக்கத்து அணுவின் அதே எண் மணியோடு மட்டும் வழக்கமான விசையில் உறவாடும். சுருள்வில்லின் விறைப்பு அணுவின் நிறையைப் பொறுத்தது. கனமான அணுவின் மாலை சுருங்கி நிற்கும், லேசான அணுவின் மாலை பரவி நிற்கும். அந்தப் பரவல்தான் குவாண்டம் தெளிவின்மை. இதற்கு மேல் கோட்பாடு வேண்டாம்.

ஒற்றை மணியில் முதல் சோதனை

மணி எண்ணிக்கை ஒன்று என்றால் அது வெறும் பழைய இயற்பியல் சிமுலேஷன். காலப்படி 0.25 ஃபெம்டோ நொடி. இழுப்பதிர்வின் ஒரு சுற்று 9 ஃபெம்டோ நொடி என்பதால் இது தாராளம். வெப்பநிலையைப் பிடித்து வைக்க லாஞ்சவான் தெர்மோஸ்டாட் (உராய்வும் ரேண்டம் உதைகளும்). ஒவ்வொரு அணுவின் சராசரி இயக்க ஆற்றலும் வெப்ப ஆற்றலின் ஒன்றரை மடங்காக வர வேண்டும்.

வரவில்லை. ஹைட்ரஜன்கள் 3 சதவீதம் குறைவு, ஆக்சிஜன்கள் 44 சதவீதம் குறைவு. ஆக்சிஜன் மட்டும் குளிர்ந்துபோய்க் கிடக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டில்தான் கோளாறு என்று உராய்வு மதிப்பை வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எதற்கும் அந்த 44 அசையவில்லை. அசையாத எண்ணுக்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இருந்தது. ஜோடி திரையை விட்டு மிதந்து போகாமலிருக்க, ஒவ்வொரு படியின் முடிவிலும் மொத்த உந்தத்தைக் கழித்துக்கொண்டிருந்தேன். அப்படிக் கழித்தால் ஒவ்வொரு அணுவும், மொத்த நிறையில் தன் நிறையின் பங்கு எவ்வளவோ அந்த அளவுக்கு இயக்க ஆற்றலை இழக்கும். ஆக்சிஜன் 16, மொத்தம் 36. வகுத்தால் 44 சதவீதம். ஹைட்ரஜனுக்கு 2.8. ஆயிரம் மூலக்கூறு இருந்தால் இது கண்ணுக்கே தெரியாது. ஆறு அணுவில் பதினெட்டு இயக்க வழிகளில் மூன்றைப் பிடுங்கிக்கொண்டால் தெரியாமல் போகுமா?

கழிப்பதை நிறுத்திவிட்டேன். மிதந்தால் மிதக்கட்டும், வெற்றிடத்தில் சுவர் கிடையாது. படம் வரையும்போது மட்டும் நடுவுக்கு இழுத்துக்கொள்ளலாம்.

மணிகளைக் கோர்த்தல்

ஜோடியில் இறங்குமுன், 3,700-இல் அதிரும் ஒரே ஒரு ஹார்மோனிக் ஊசலை (வெறும் சுருள்வில்லில் கட்டிய நிறை) வைத்து மணி எண்ணிக்கையைச் சோதித்தேன். இதற்கு விடை தாளிலேயே கிடைக்கும் என்பதால் நிரலின் பிழையையும் முறையின் பிழையையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. 100 கெல்வினில் 16 மணி வைத்தால் உண்மையான இயக்க ஆற்றலில் 52 சதவீதம்தான் வரும். 32 மணிக்கு 77, 64 மணிக்கு 92, 128 மணிக்கு 98, 256 மணிக்கு 99.5. "தண்ணீருக்கு 32 மணி போதும்" என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது 300 கெல்வினுக்குச் சொன்னது. வெப்பநிலை மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் மணி மூன்று மடங்கு வேண்டும். வாயுவைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட் சோதனைகளில் வரும் சில கெல்வின் வெப்பநிலைக்குப் போனால் ஆயிரக்கணக்கில் வேண்டும், அங்கே இந்த முறையையே கட்டி அழக்கூடாது.

128-இல் நின்றேன். இரண்டு சதவீதம் பிழை என்றால் ஏறத்தாழ 20. நான் தேடும் விடையே 50 சொச்சம். கேட்டால் பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும். ஆனால் எனக்கு வேண்டியது இரண்டு ஹைட்ரஜன்களுக்கு இடையிலான வித்தியாசம். பிணைப்பில் உள்ளது 3,600 அளவிலும் தொங்குவது 3,735 அளவிலும் அதிர்ந்தால், இரண்டிலும் பிழை கிட்டத்தட்ட ஒன்றே. கழித்தால் மிஞ்சுவது 2 மட்டும். ஒரே பக்கம் சாயும் தராசில் இரண்டு பொருளையும் நிறுத்துக் கழிப்பதுதான் இந்தக் கணக்கு முழுவதற்கும் அடிப்படை. ஆனால் அதை உணர்ந்து வேலையை அதற்கேற்ப மாற்றியது பிறகுதான்.

மணிகளோடு ஜோடியை ஓட்டினேன். ஒரு ஹைட்ரஜனின் நிறையை 1.008-லிருந்து 2.014 ஆக்கினேன். எந்த வித்தியாசமும் இல்லை. மாலையின் பரவல் மூன்றாம் தசம இடம் வரை அதேதான். நிறை நிரலில் இரண்டு இடங்களில் வருகிறது. உந்தத்தில் ஒன்று, மணிகளைக் கட்டும் சுருள்வில்லில் ஒன்று. சுருள்வில் விறைப்புகளை நிரலின் தொடக்கத்திலேயே ஒரு பட்டியலாகக் கணக்கிட்டு வைத்திருந்ததால், நிறையைப் பின்னால் மாற்றியது உந்தத்துக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. சரிசெய்வது ஒரு வரி வேலை. ஆனால் இதில் ஒரு லாபமும் உண்டு. உந்தத்தில் வரும் நிறை வெறும் போலி, மாதிரி எடுக்கும் வேகத்தை மட்டும் மாற்றும், சராசரிகளைத் தொடாது. ஐசோடோப்பு விளைவு (அதே தனிமத்தின் நிறை மட்டும் மாறுவதால் வரும் வித்தியாசம்) முழுவதும் சுருள்வில்லில்தான் இருக்கிறது. இதை வேண்டுமென்றே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: உந்த நிறையை மட்டும் மாற்றி ஓட்டி எதுவும் மாறவில்லை என்றால் தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருக்கிறது.

மொத்த ஆற்றல் என்ற சந்து

முதலில் தோன்றிய வழி நேரானது. டியூட்டீரியம் பிணைப்பில் உள்ள ஜோடியின் மொத்த ஆற்றல், வெளியே உள்ள ஜோடியின் மொத்த ஆற்றல், கழி. ஜோடியின் பூஜ்ஜியப் புள்ளி ஆற்றல் (எவ்வளவு குளிர்ந்தாலும் போகாத குவாண்டம் அதிர்வாற்றல்) மட்டுமே ஏறத்தாழ 10,000. அதில் 50 தேட வேண்டும். யானையை எடை போட்டு, அதன் முதுகில் உட்கார்ந்த ஈயின் எடையைச் சொல்லும் வேலை.

இயக்க ஆற்றலை அளக்கும் எளிய சூத்திரம் (சுருள்வில்களின் நீளத்திலிருந்து நேரடியாக எடுப்பது) இதை இன்னும் மோசமாக்குகிறது. மணி கூடக் கூட அதன் இரைச்சல் ஏறும். 128 மணியில், 100 கெல்வினில், ஒரே ஒரு ஹைட்ரஜனுக்கு ஒவ்வொரு மாதிரியும் சராசரியிலிருந்து 960 அளவுக்குத் துள்ளும். முழு ஜோடிக்கு 2,350. ஒரு ஹைட்ரஜனின் சராசரியை 2-க்குள் பிடிக்க ஒன்றோடொன்று தொடர்பில்லாத மாதிரிகள் இரண்டு லட்சத்துக்கு மேல் வேண்டும். இரவு முழுக்க ஓடிய வரைபடம் காலையில் புல்தரை மாதிரி இருந்தது.

தீர்வு பழையது. 1982-லேயே ஹெர்மன், பிரஸ்கின், பெர்ன் மூவரும் கொடுத்த விரியல் வழி. அதன் இன்றைய வடிவில், ஒவ்வொரு மணியும் தன் மாலையின் மையத்திலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்பதை அந்த மணியின் மேலுள்ள விசையால் பெருக்கி, மணிகள் மீது சராசரி எடுத்து, அதில் பாதியை எடுத்து (குறி சரியாகப் போட வேண்டும், விசையா சரிவா என்று பார்த்து), வெப்ப ஆற்றலின் ஒன்றரை மடங்கைச் சேர்த்துவிட வேண்டும். மணி எத்தனை கூடினாலும் இரைச்சல் கூடாது. நிரலில் மூன்று வரி. இந்த மூன்று வரிக்கு முன்னும் பின்னும் என்று என் வேலையைப் பிரிக்கலாம்.

இயற்கையில் இல்லாத ஹைட்ரஜன்கள்

மொத்த ஆற்றலை விட்டுவிட்டு, ஒரே ஒரு அணுவின் நிறையை மெதுவாக ஏற்றிக்கொண்டு போகும் வழிக்கு மாறினேன். நிறையைக் கொஞ்சம் கூட்டினால் கட்டற்ற ஆற்றல் (எது குறைவோ அந்த நிலைதான் சாதகம்) எவ்வளவு குறையும் என்பது, அந்த அணுவின் சராசரி இயக்க ஆற்றலை நிறையால் வகுத்தால் கிடைக்கும். அதை 1.008 முதல் 2.014 வரை தொகையிட்டால் வேலை முடிந்தது. பிணைப்பில் இருக்கும்போது ஒரு தொகை, தொங்கும்போது ஒரு தொகை, இரண்டின் வித்தியாசம்தான் விடை.

நிறையைச் சம இடைவெளியில் பிரித்தால் வளைவு லேசான பக்கத்தில் செங்குத்தாக இருக்கிறது, அதிகப் புள்ளிகள் தேவைப்படுகின்றன. நிறைக்குப் பதில் ஒன்றின் கீழ் நிறையின் வர்க்கமூலத்தை அச்சாக எடுத்தால், குவாண்டம் அதிர்வுக்கு இயக்க ஆற்றலும் அதே விகிதத்தில் போவதால், தொகையிட வேண்டிய கோடு கிட்டத்தட்டத் தட்டையாகிவிடுகிறது. அந்த அச்சில் சம இடைவெளியில் ஐந்து புள்ளிகள்: நிறை 1.008, 1.173, 1.383, 1.654, 2.014. நடுவில் உள்ள மூன்றும் எந்த அணு அட்டவணையிலும் கிடையாது. கணினிக்கு அது பற்றிக் கவலை இல்லை. தட்டையாக இருப்பதால் ஒரு குறுக்குக் கணக்கும் கைக்கு வருகிறது: சாதாரண ஹைட்ரஜன் நிறையில் இரண்டு இடங்களுக்கும் உள்ள இயக்க ஆற்றல் வித்தியாசத்தை 0.585-ஆல் பெருக்கினால் விடை உத்தேசமாகத் தெரிந்துவிடும்.

யார் பிணைப்பில், யார் வெளியே

இதுதான் எதிர்பார்க்காத அளவுக்கு நேரம் தின்ற கட்டம். 100 கெல்வினிலும் ஜோடி சும்மா இருப்பதில்லை. பிணைப்புக்கு ஹைட்ரஜனைக் கொடுக்கும் மூலக்கூறு அதை வாங்கும் மூலக்கூறாகிறது, திரும்பி வருகிறது, பிணைப்பில் இருந்த ஹைட்ரஜன் வெளியே போய் வெளியே இருந்தது உள்ளே வருகிறது. ஆகவே ஓட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் (பதிவாகும் ஒவ்வொரு கணத்திலும்) குறி வைத்த அணு எங்கே இருக்கிறது என்று தீர்மானிக்க வேண்டும். அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனுக்கு அதன் தூரம் 2.3 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவு, அதே மூலக்கூறின் மற்ற ஹைட்ரஜனுக்கு 2.8-க்கு மேல் என்றால் பிணைப்பில். நேரெதிர் என்றால் வெளியே. நடுவில் தடுமாறும் கட்டங்களைத் தள்ளிவிட்டேன். வாங்கும் மூலக்கூறில் இருக்கும் நேரம் இந்தக் கேள்விக்கு உதவாது, அதையும் தள்ளிவிட்டேன்.

கவனிக்க வேண்டியது: தூரத்தை மணிகளை வைத்து அளக்கக்கூடாது, மாலையின் மையத்தை வைத்து அளக்க வேண்டும். விரியல் சூத்திரம் மையத்தை அசைக்காமல் மணிகளை மட்டும் விரித்துச் சுருக்கிப் பிறந்தது. எல்லைக் கோட்டை மையங்களைக் கொண்டே வரைந்தால் சூத்திரம் அந்த எல்லைக்குள்ளும் அப்படியே செல்லும், திருத்தம் எதுவும் தேவையில்லை. மணிகளைக் கொண்டு வரைந்தால் எல்லையில் ஒரு சின்ன அழுக்கு ஒட்டிக்கொள்ளும், அது நிறைக்கு நிறை மாறும்.

150 கெல்வினில் இன்னொரு தொல்லை. ஜோடி பிரிந்து போகும். வெற்றிடத்தில் ஒருமுறை பிரிந்தால் திரும்பி வர வழியே இல்லை, மிச்ச ஓட்டம் முழுக்க இரண்டு தனி மூலக்கூறுகளின் சராசரியாகிவிடும். ஆக்சிஜன்களுக்கு இடையே 4.5 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினால் மெல்லத் திருப்பித் தள்ளும் ஒரு மென்சுவர் வைத்தேன். பிணைப்பு இருக்கும் தூரம் 3-க்குள் என்பதால் சுவர் விடையைத் தொடாது.

வந்த விடை

100 கெல்வினில், சாதாரண ஹைட்ரஜன் நிறையில், பிணைப்பில் உள்ள ஹைட்ரஜனின் இயக்க ஆற்றல் தொங்கும் ஹைட்ரஜனைவிட 80 அளவு கூடுதல். ஐந்து நிறைகளையும் தொகையிட்டால் டியூட்டீரியம் பிணைப்புக்குள் இருப்பது 47 அளவுக்குச் சாதகம். எண்ணிக்கையில் சொன்னால், அந்த வெப்பநிலையில் கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று. தொகையீட்டை நம்பாமல், 150 கெல்வினில் டியூட்டீரியம் போட்ட ஜோடியை நேரடியாக ஓட்டி, எத்தனை கட்டம் உள்ளே, எத்தனை வெளியே என்றும் எண்ணிப் பார்த்தேன். ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வெப்பநிலைக்குத் தொகையீடு சொன்னதும் பிழை எல்லைக்குள் அதுவே. மணி எண்ணிக்கையை ஒன்றாக்கி எண்ணினால் ஒன்றுக்கு ஒன்று, வர வேண்டியபடியே.

எனக்கு இந்த 47-ஐ விடப் பிடித்தது அதைப் பிரித்துப் பார்த்தபோது வந்தது. இயக்க ஆற்றலை மூன்று திசைகளாகப் பிரிக்கலாம்: பிணைப்பு நீளத்தின் வழியாக, மூலக்கூறின் தளத்துக்குள் குறுக்காக, தளத்துக்கு வெளியே. விரியல் சூத்திரத்தில் விலகலையும் விசையையும் தனித்தனித் திசையில் எடுத்தால் போதும். நீளத் திசையில் வித்தியாசம் எதிர்க்குறியில், 30-ஐச் சுற்றி. ஹைட்ரஜன் பிணைப்பு அந்த இழுப்பை நெகிழ்த்திவிடுகிறது, அதனால் அந்தத் திசையைக் கேட்டால் டியூட்டீரியம் வெளியே போகட்டும் என்கிறது. மற்ற இரண்டு திசைகளும் சேர்ந்து 110 அளவுக்கு நேர்க்குறியில். பிணைப்பில் உள்ள ஹைட்ரஜன் பக்கவாட்டில் ஆட முடியாமல் இறுக்கப்படுகிறது, அவை டியூட்டீரியத்தை உள்ளே இழுக்கின்றன. இரண்டு பெரிய தள்ளுமுள்ளில் மிஞ்சியதுதான் நாம் பார்க்கும் விளைவு. திரவ நீரில் ஐசோடோப்பு விளைவுகள் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருப்பதற்கு ஹாபர்ஷன் குழு சொன்ன காரணமும் இதே போட்டிதான். இரண்டே மூலக்கூறில் அது பச்சையாகத் தெரிகிறது.

இங்கேதான் அந்த நாலாம் படி. நிரலில் மூன்றாம் படி, நாலாம் படி உறுப்புகளைப் பூஜ்ஜியமாக்கி, பிணைப்பை வெறும் சுருள்வில்லாக்கி மீண்டும் ஓட்டினேன். நீளத் திசை வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தே போனது. எதிர்த்து இழுக்க ஆள் இல்லாததால் விடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கி 60-ஐத் தாண்டியது. சோதனை எண்ணுக்கு அருகே வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டால் அதைவிட முட்டாள்தனம் இல்லை. தவறான காரணத்தால் வந்த சரியான எண் அது. கியூ-டிப்4பி/எஃப் திரவத்துக்காக அளவெடுத்தது, தனி ஜோடியில் ஆக்சிஜன்களை நிஜத்தைவிட நெருக்கமாகவும் இறுக்கமாகவும் பிடிக்கும். அதன் 47-ஐச் சோதனையின் 60-உடன் தோளோடு தோள் நிறுத்தக்கூடாது. திசையும், அளவின் வரிசையும், உள்ளே நடக்கும் போட்டியும் சரி. அவ்வளவுதான் இதிலிருந்து எடுக்கலாம்.

செலவு

பணச்செலவு மின்சாரம் மட்டும். நேரம்தான் செலவு. 128 மணிகளையும் ஒரே நம்பை அணியாக வைத்தால் ஒரு படிக்கு ஒரு மில்லி நொடி. ஒரு நானோ நொடிக்கு நாற்பது லட்சம் படிகள், அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்த ஒரு மில்லி நொடியில் பெரும்பகுதி பைத்தான் ஒவ்வொரு கட்டளையையும் தூக்கிக்கொண்டு போவதற்கே ஆகிறது, பெருக்கல் கூட்டலுக்கு அல்ல. அதனால் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பதினாறு ஜோடிகளை அதே அணியில் இன்னொரு பரிமாணமாக அடுக்கினேன். படிக்கு மூன்று மில்லி நொடிதான் ஆனது. ஐந்து நிறைகளுக்கு ஐந்து கோர். ஒரே இரவில் நிறைக்குப் பதினாறு நானோ நொடி கிடைத்துவிடுகிறது. பதினாறு தனி ஓட்டங்கள் இருப்பதால் பிழையை மதிப்பிடுவதும் சுலபம்: பதினாறு சராசரிகளின் சிதறலைப் பார்த்தால் போதும், தொடர்பு நேரம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

வட்டைப் பற்றி எச்சரிக்கை. எல்லா மணிகளின் இடங்களையும் ஒவ்வொரு படியிலும் எழுதினால் ஒரு கட்டத்துக்கு 18 கிலோபைட், ஒரு நானோ நொடிக்கு 74 ஜிகாபைட். ஓட்டம் பாதியில் நின்றதற்குக் காரணம் தேடி இயற்பியலைக் குடைந்துகொண்டிருக்காமல் முதலில் வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்கவும். இப்போது நான் 20 ஃபெம்டோ நொடிக்கு ஒருமுறை மையங்களின் இடங்களையும், மூன்று திசை இயக்க ஆற்றல்களையும் மட்டும் எழுதுகிறேன். யார் பிணைப்பில் என்ற எல்லைக் கோட்டை மாற்றிப் பார்க்க இது போதும், மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. எல்லையை 2.3-லிருந்து 2.5 ஆக்கினாலும் விடை பிழை எல்லைக்குள்தான் அசைந்தது.

அடுத்து மாற்றப்போவது

முதல் மாற்றம் நீர் மாதிரி. எம்பி-பால் என்ற மாதிரி உயர்தர எலக்ட்ரான் கணக்குகளுக்குப் பொருத்தி உருவாக்கப்பட்டது, தனி ஜோடியை நிஜமாகவே சரியாக விவரிக்கிறது, எம்பிஎக்ஸ் என்ற திறந்த நூலகமாகக் கிடைக்கிறது. பல மடங்கு மெதுவு. விசைக்கணக்கு கனமாகிவிட்டால் சாக்கெட் செலவு பெரிதில்லை என்பதால் ஐ-பைக்கே திரும்பிவிடலாம். மாதிரி மெதுவானால் மணியைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிக்லெட் என்ற வண்ண இரைச்சல் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப அளவு மாறும் இரைச்சல்) தெர்மோஸ்டாட் இருக்கிறது, 300 கெல்வின் நீருக்கு ஆறு மணியிலேயே வேலையை முடிக்கும். ஆனால் அந்த இரைச்சலின் அளவுருக்களை வெப்பநிலைக்கு ஏற்ப எடுக்க வேண்டும், ஹார்மோனிக் ஊசல் சோதனையை அதில் மறுபடி செய்யாமல் ஜோடிக்குள் இறங்கமாட்டேன்.

ஐந்து நிறைகளில் தனித்தனியாக ஓட்டுவதும் தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது. மணிகளின் விலகலை நிறைக்கு ஏற்பச் சுருக்கி, சாதாரண ஹைட்ரஜன் ஓட்டத்திலிருந்தே டியூட்டீரியம் எண்ணை எடுக்கும் வழியைச் செரியோட்டியும் மார்க்லாண்டும் 2013-இல் காட்டியிருக்கிறார்கள். ஐந்து ஓட்டம் ஒன்றாகும். நிறை ஏற்றும் வழியில் கிடைத்த 47 கையில் இருப்பதால் அதைச் சரிபார்க்க ஒரு அளவுகோலும் தயார்.

ஜோடிக்குப் பிறகு மூன்று மூலக்கூறு வளையம். அதில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு ஹைட்ரஜனைப் பிணைப்புக்குக் கொடுத்து ஒன்றை வெளியே வைத்திருக்கும், கொடுப்பவர் வாங்குபவர் குழப்பம் இல்லை. எல்லைக் கோடு எழுதுவது பாதியாகக் குறையும். உண்மையில் அங்கிருந்தே தொடங்கியிருக்கலாம். ஆறு மூலக்கூறு எனக்கு இப்போதைக்கு எட்டாத உயரம். 2012-இல் சுழற்சி நிறமாலையில் பட்டகம், கூண்டு, புத்தகம் என்று மூன்று வடிவங்களும் ஒன்றாகவே பிடிபட்டன. அவற்றின் ஆற்றல்கள் அவ்வளவு நெருக்கம். ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ மடிக்கணினி ஓட்டம் காத்திருந்தால் விசிறி தேய்ந்துவிடும். அதற்கு வெவ்வேறு வெப்பநிலைகளில் ஓடும் பிரதிகளை இடம் மாற்றும் முறை வேண்டும். பதினாறு ஜோடிகளை அடுக்கிய அதே அணிப் பரிமாணத்தில் பதினாறு வெப்பநிலைகளை அடுக்க முடியும், சுருள்வில் பட்டியலை ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனியாகக் கணக்கிட்டால் போதும். அந்தப் பட்டியலை இந்த முறை நிரலின் தொடக்கத்தில் வைக்காமல், நிறையோ வெப்பநிலையோ மாறும்போதெல்லாம் தானே புதுப்பித்துக்கொள்ளும்படி எழுதிவிட்டேன்.